பிழைக்கப் போன ஊரும் பிறந்த ஊரும்: ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஏன் இப்படி இருக்கிறது?

வீரர்கள் தாங்கள் பிறந்து வளர்ந்த மாநிலத்துக்காக ஆடும் ரக்பி லீக் தொடர்தான் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின். 1991ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஆஸ்திரேலியாவில் நடந்த அதன் மூன்று ஆட்டங்களின் ஸ்கோரை முதலில் பார்த்துவிடுங்கள். 6-4. 12-14. 14-12. மூன்றிலும் வித்தியாசம் இரண்டே புள்ளி. 240 நிமிட ஆட்டத்தையும் மொத்தமாகக் கூட்டினால் குயின்ஸ்லாந்து 32, நியூ சவுத் வேல்ஸ் 30. தொடரை வென்றது குயின்ஸ்லாந்து. கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த எனக்கு இந்தக் கணக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு மாநிலத்தில் ஆள்பலமும் பணபலமும் அதிகம், இன்னொன்றில் அப்போது இரண்டுமே குறைவு, அப்படியிருக்க எப்படி இவ்வளவு சரிக்குச் சரி? காரணம் தேடிப் போனால் ஆட்ட நுணுக்கத்தைவிட அதிகமாகச் சூதாட்ட இயந்திரங்களைப் பற்றித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு வேகமாக ஒரு அறிமுகம். ரக்பியில் இரண்டு வகை, யூனியன் என்றால் அணிக்கு 15 பேர், லீக் என்றால் 13 பேர். நாம் பேசுவது லீக். 80 நிமிடம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். கபடியில் பிடிபட்டவர் வெளியே போய்விடுவார், இங்கே பிடிபட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார். அப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் ட்ரை, 4 புள்ளி (1980களின் தொடக்கம் வரை 3தான்). அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. இதில் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் பின்னால் தேவைப்படும்: ட்ரை எந்த இடத்தில் பதிந்ததோ அதற்கு நேர் பின்னால் வந்துதான் உதைக்க வேண்டும். மூலையில் ட்ரை அடித்தால் ஓரக் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து உதைக்க வேண்டும்.

சரி, இப்போது இயந்திரங்களுக்கு வருவோம்.

1956இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு கிளப்புகளில் போக்கர் மெஷின்களை அனுமதித்தது. காசைப் போட்டுக் கைப்பிடியை இழுக்கும் அந்த இயந்திரங்கள் ரக்பி அணிகளோடு ஒட்டியிருந்த சமூக கிளப்புகளுக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மாநிலத் தலைநகர் சிட்னியின் கிளப்புகளில் கல்லா நிரம்பியது. பக்கத்து மாநிலமான குயின்ஸ்லாந்தில் 1990களின் தொடக்கம் வரை அதற்கு அனுமதி இல்லை. விளைவு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிஸ்பேனிலோ உள்நாட்டுச் சிற்றூரிலோ ஒரு பையன் நன்றாக ஆடுகிறான் என்று பேச்சு கிளம்பினால் போதும், சிட்னியிலிருந்து ஆள் வந்துவிடும், கூடவே பிரிஸ்பேன் கிளப் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத ஒரு தொகையும் வரும். போன பையன்மேல் தப்பு சொல்ல முடியாது, வீட்டுக்கு வருமானம் வேண்டும்.

இதோடு போயிருந்தால் சாதாரணப் பொருளாதாரக் கதை. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது மாநில அணியைத் தேர்ந்தெடுக்கும் விதி. இரு மாநிலங்களுக்கும் இடையே 1908 முதலே ஆட்டங்கள் நடந்துவந்தன, ஆனால் ஒருவர் எந்த மாநில கிளப்பில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். ஆக, குயின்ஸ்லாந்து வளர்த்த பையன் சிட்னிக்குப் பிழைக்கப் போனான் என்றால், அடுத்த வருடம் நியூ சவுத் வேல்ஸின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு சொந்த ஊர்க்காரர்களையே அடித்து நொறுக்க வருவான். ஆர்தர் பீட்சன் இதற்குச் சரியான உதாரணம். குயின்ஸ்லாந்தின் ரோமா என்ற ஊர்க்காரர், பூர்வகுடி வம்சம், மலைபோல் உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத நளினமான கைகள். 1966இல் சிட்னிக்குப் போனார், நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடினார், ஆஸ்திரேலிய அணிக்கே கேப்டன் ஆனார். குயின்ஸ்லாந்து சீனியர் அணியின் அரக்குச் சிவப்புச் சட்டையை மட்டும் 1980 வரை போட்டதே இல்லை.

இப்படி 1960களும் 70களும் ஒருதலைப்பட்சமாகவே போயின. சிட்னியில் ரசிகர்களுக்கு இந்த ஆட்டம் அலுத்தே போய்விட்டது. 1980இல் சிட்னியில் நடந்த மாநில ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான், இன்றைக்கு நல்ல பள்ளிக்கூட ஆட்டத்துக்கு அதைவிடக் கூட்டம் வரும்.

அப்போது குயின்ஸ்லாந்து ரக்பி லீக்கின் தலைவராக இருந்தவர் ரான் மெக்காலிஃப், ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் செனட்டராகவும் இருந்தவர். வழி ஏற்கெனவே வேறொரு ஆட்டத்தில் தெரிந்திருந்தது. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலிலும் இதே மாதிரி தொல்லை இருந்தது, அங்கே மெல்பர்ன் கிளப்புகள் எல்லோரையும் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தன. 1977இல் மேற்கு ஆஸ்திரேலியா, எங்கே ஆடினாலும் சரி, எங்கள் மண்ணில் வளர்ந்தவன் எங்களுக்கு ஆடட்டும் என்ற கணக்கில் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவோடு மோதி 94 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அதே யோசனையை ரக்பி லீக்குக்குக் கொண்டுவரலாம் என்றார்கள். நியூ சவுத் வேல்ஸ் பக்கம் நிர்வாகத்தில் இருந்த கெவின் ஹம்ஃப்ரீஸ் சம்மதித்தார். 1980ஆம் வருடத் தொடரை நியூ சவுத் வேல்ஸ் முதல் இரண்டு ஆட்டத்திலேயே ஜெயித்துவிட்டது, மூன்றாவதில் இழக்க ஒன்றும் இல்லை, அதனால் சோதித்துப் பார்ப்பதில் நஷ்டமும் இல்லை.

1980 ஜூலை 8, பிரிஸ்பேன் லேங் பார்க். ஒரு பழைய இடுகாடு இருந்த நிலத்தில் எழுந்த மைதானம் இது, ரசிகர்கள் வைத்த பெயர் கொப்பரை. வந்த கூட்டம் 33,210. எந்தப் பக்கமும் சாயாதபடி நடுவரை இங்கிலாந்திலிருந்து வரவழைத்திருந்தார்கள், அதிலேயே நம்பிக்கையின்மையின் அளவு தெரிகிறது. அரக்குச் சிவப்புச் சட்டையோடு முதலில் வெளியே வந்தவர் 35 வயது பீட்சன். அப்போது அவர் சிட்னியின் பாரமட்டா கிளப்பில் இரண்டாம் வரிசை அணியில் ஆடிக்கொண்டிருந்தார், கிட்டத்தட்ட ஓய்வு பெற்றவர் மாதிரிதான். எதிரணியில் அதே பாரமட்டா கிளப்பின் மிக் குரோனின். ஆட்டத்துக்கு நடுவே பீட்சன் குரோனினைப் பிடித்த பிடியில் கை முகத்தில் இறங்கியது. அது நிஜமாகவே குத்தா, இல்லை கொஞ்சம் மேலே போன முரட்டுப் பிடியா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. என் அபிப்பிராயம், அந்த அடியைவிட அதைப் பற்றிய பேச்சுதான் பலமானது. ஒரே கிளப்பில் சம்பளம் வாங்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் அப்படி மோதிக்கொள்வார்கள் என்பதை அந்தக் கூட்டம் கண்ணால் பார்த்தது, அது போதுமாக இருந்தது.

குயின்ஸ்லாந்து 20-10 என்று ஜெயித்தது. அன்று 20ஆவது பிறந்தநாள் கொண்டாடிய மால் மெனிங்கா என்ற பையன் உதைத்த ஏழும் உள்ளே போயின. அதே அணியில் இன்னொரு 20 வயதுக்காரர் வாலி லூயிஸ்.

1981இலும் ஒரே ஒரு ஆட்டம் மட்டும் இந்த முறையில் நடந்தது, அதையும் குயின்ஸ்லாந்து வென்றது. 1982 முதல் மூன்று ஆட்டத் தொடர். அடுத்த பத்து வருடத்தின் நாயகன் லூயிஸ்தான். பிரிஸ்பேனில் அவருக்கு ராஜா என்று பெயர், சிட்னியில் அவர் பெயரைச் சொன்னாலே கூச்சல். 31 ஆட்டங்களில் 8 முறை ஆட்ட நாயகன் விருது. சுத்தமாக மெதுவாக ஓடுவார், ஆனால் பந்து எங்கே வரும் என்பது மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும். 1988இல் நடுவர் அவரைச் சற்று நேரம் வெளியே உட்கார அனுப்பியபோது லேங் பார்க் கூட்டம் பீர் டப்பாக்களை மைதானத்துக்குள் வீசி ஆட்டத்தையே கலங்கடித்தது. 1989இல் சிட்னியில் நடந்த இரண்டாவது ஆட்டம் இன்னும் மோசம், அல்லது இன்னும் பிரமாதம், யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குயின்ஸ்லாந்து வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியேற, பாப் லிண்ட்னர் உடைந்த காலோடு ஆடியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது, கடைசியில் களத்தில் மிஞ்சியது 12 பேர். ஆனாலும் 16-12 என்று ஜெயித்தார்கள்.

இந்த மனநிலையைப் புரிந்துகொள்ளாமல் 1991 தொடரைப் புரிந்துகொள்ள முடியாது. குயின்ஸ்லாந்துக்காரர்கள் தங்களை எப்போதும் ஏமாற்றப்பட்ட தம்பியாகத்தான் பார்த்தார்கள், பாகப்பிரிவினையில் நல்ல நிலத்தை எல்லாம் அண்ணன் எடுத்துக்கொண்டு போனார் என்ற மாதிரி. நியூ சவுத் வேல்ஸுக்கு ஆரம்பத்தில் அந்த வன்மம் இல்லை, ஏனென்றால் அவர்களிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. அவர்களுக்குக் கோபம் வந்தது தோற்கத் தோற்கத்தான். முதல் தொடர் வெற்றி 1985இல். அதற்கு அடுத்த வருடம் மூன்றுக்கு மூன்று. 1990இலும் அவர்களே வென்றார்கள். ஆக 1991 வந்தபோது இரண்டு பக்கமும் பழைய பாக்கி இருந்தது.

இன்னொரு முடிச்சும் உண்டு. 1988இல் பிரிஸ்பேன் பிராங்கோஸ் என்ற கிளப் சிட்னி போட்டிக்குள் சேர்க்கப்பட்டது. குயின்ஸ்லாந்து வீரன் இனி ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. லூயிஸ் அதன் முதல் கேப்டன். ஆனால் 1990இல் பயிற்சியாளர் வேய்ன் பென்னட் அவரிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்து ஜீன் மைல்ஸிடம் கொடுத்தார், வருடக் கடைசியில் லூயிஸ் அந்த கிளப்பை விட்டே வெளியேறி கோல்ட் கோஸ்ட் அணிக்குப் போனார். சொந்த ஊர் கிளப் வேண்டாம் என்று சொன்ன ஒரு 31 வயதுக்காரர்தான் 1991இல் மாநில அணிக்குக் கேப்டன். மெனிங்காவும் ஆலன் லேங்கரும் கூட இருந்தார்கள். பயிற்சியாளர் கிரஹாம் லோ, அவர் நியூசிலாந்துக்காரர். பிறந்த ஊரை வைத்துக் கட்டிய ஒரு போட்டியில் பயிற்சியாளருக்கு மட்டும் அந்த விதி இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

முதல் ஆட்டம் லேங் பார்க்கில். மெனிங்கா ஒரு ட்ரை அடித்தார், நியூ சவுத் வேல்ஸுக்கு லாரி டேலி ஒன்று அடித்தார். 6-4. முடிந்தது. எண்பது நிமிடம் இரண்டு சுவர்கள் மோதிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி.

இரண்டாவது சிட்னியில், கொட்டுகிற மழையில். அன்று மைதானத்தில் நடந்ததை இன்று யாராவது செய்தால் பாதிப் பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். நியூ சவுத் வேல்ஸின் மார்க் கேயர், நல்ல உயரம், எந்த நேரமும் வெடிக்கத் தயாராக இருக்கும் ஆள், முதல் பாதி முழுக்க மோதல் தேடிக்கொண்டே இருந்தார். இடைவேளைக்கு அணிகள் கிளம்பும்போது நடுவர் டேவிட் மேன்சன் கேயரையும் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு எச்சரித்தார். எச்சரிக்கை முடிவதற்குள் லூயிஸும் கேயரும் மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் நின்று ஒருவரையொருவர் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள், நடுவில் மேன்சன். மழையில் நனைந்த அந்த மூன்று பேரின் படம்தான் ஆரிஜின் என்றதும் பலர் மனதில் வருவது. இத்தனைக்கும் லூயிஸ் கையால் அடிக்கவே இல்லை, வாயால் கேயரைச் சூடேற்றினார், அதுதான் அவர் ஆட்டம். எதிரணியின் மிக முரடான ஆள் பந்தை மறந்துவிட்டுத் தன்னையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். கணக்கு பாதி பலித்தது: அந்த ஆட்டத்தில் குயின்ஸ்லாந்தின் பால் ஹாஃபை முழங்கையால் தாக்கியதற்காக கேயருக்குத் தடை விழுந்தது.

ஆனால் ஆட்டம் குயின்ஸ்லாந்துக்குக் கிடைக்கவில்லை. முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது 12-8 என்று முன்னிலையில் இருந்தார்கள், அப்போது நியூ சவுத் வேல்ஸின் மார்க் மெக்கா மூலையில் விழுந்து ட்ரை பதித்தார். 12-12. மூலையில் என்றேனே, ஞாபகம் இருக்கிறதா? மைக்கேல் ஓகானர் ஓரக் கோட்டுக்குப் பக்கத்தில், சேற்றில், தண்ணீர் குடித்துக் கனத்த பந்தை வைத்து, மழைக்குள் உதைத்தார். பந்து வளைந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 14-12. சிட்னியில் அந்த ஒரு உதையைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள், நியாயம்தான்.

மூன்றாவது ஆட்டம் மறுபடி லேங் பார்க்கில். குயின்ஸ்லாந்து 14-12 என்று வென்று தொடரையும் எடுத்தது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், ஸ்கோர் இன்னும் கத்திமுனையில் இருக்கும்போது, மைதான ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு: லூயிஸுக்கு இதுதான் கடைசி ஆரிஜின் ஆட்டம். ஜெயித்த பிறகு சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றலாம். அந்தக் கூட்டத்தின் கத்தலில் எஞ்சிய நிமிடங்களை நியூ சவுத் வேல்ஸ் எப்படிக் கழித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், ஏன் அப்போதே சொன்னார்கள் என்பது புரிந்துவிடும்.

அப்புறம் உலகம் மாறியது. போக்கர் மெஷின்கள் குயின்ஸ்லாந்துக்கும் வந்தன, பிராங்கோஸ் 1992இலேயே கோப்பையை வென்று பணக்கார கிளப் ஆனது. அநீதி என்று எதைச் சொல்லிக் கிளம்பினார்களோ அது போய்விட்டது. ஆனால் வன்மம் போகவில்லை. 2006 முதல் 2013 வரை தொடர்ந்து எட்டு முறை குயின்ஸ்லாந்து வென்றது, அப்போதும் தங்களை யாரும் மதிப்பதில்லை என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டம் ஆரம்பித்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். 2006இல் முதல் ஆட்டம் நியூ சவுத் வேல்ஸுக்கு 17-16. கடைசி ஆட்டத்தில் குயின்ஸ்லாந்து பின்தங்கியிருக்க, எதிரணி தவறவிட்ட ஒரு பந்து டேரன் லாக்யர் கைக்கு வந்து ட்ரை ஆனது, 16-14. அந்தப் பந்து கைதவறாமல் போயிருந்தால், முந்தைய மூன்று தொடர்களையும் தோற்றிருந்த அந்த அணி கலைக்கப்பட்டிருக்கும், எட்டு வருடமும் இல்லை ஒன்றும் இல்லை.

பிறந்த ஊர் விதியும் சொல்வது போல அவ்வளவு சுத்தமானது இல்லை. அந்த எட்டு வருடத்தின் மிகப் பெரிய ஆயுதங்களில் ஒருவர் கிரெக் இங்லிஸ், அவர் நியூ சவுத் வேல்ஸில் பிறந்து வளர்ந்தவர். முதல் சீனியர் ஆட்டம் எங்கே ஆடினார் என்ற ஓட்டையில் குயின்ஸ்லாந்துக்காரர் ஆனார். ஒரு காலத்தில் பீட்சனை இழந்த ஆத்திரத்தில் விதியையே மாற்றியவர்கள், அண்ணன் வீட்டுப் பிள்ளையை அதே விதியை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிட்னிக்காரர்கள் கொதித்ததில் தப்பே இல்லை. 2012இல் விதி இறுக்கப்பட்டது, அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும் அல்லது 13 வயதுக்கு முன்பே அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற அளவில்.

1982 முதல் 2025 வரை நடந்த 44 மூன்று ஆட்டத் தொடர்களில் குயின்ஸ்லாந்து 25, நியூ சவுத் வேல்ஸ் 17, இரண்டு சமன். நியூ சவுத் வேல்ஸின் மக்கள்தொகை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு என்பதை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு விசித்திரம்தான். 2024இல் நியூ சவுத் வேல்ஸ் முதல் ஆட்டத்திலேயே எட்டாவது நிமிடத்தில் ஓர் ஆளைச் சிவப்பு அட்டைக்குச் சமமான வெளியேற்றத்தில் இழந்து 38-10 என்று உதை வாங்கிவிட்டு, கடைசியில் பிரிஸ்பேனுக்கே போய் 14-4 என்று வென்று தொடரை எடுத்தது. 2025இல் அதே கதை தலைகீழாக: குயின்ஸ்லாந்து முதல் ஆட்டத்தைச் சொந்த மண்ணில் தோற்றது, கேப்டனைக் கழற்றிவிட்டது, பெர்த்தில் 26-24 என்று தப்பித்தது, பிறகு சிட்னியில் 24-12.

மாறியது அடிதடிதான். 2013 முதல் ஆட்டத்தில் நியூ சவுத் வேல்ஸின் பால் கேலன், குயின்ஸ்லாந்தின் நேட் மைல்ஸை முகத்தில் குத்தியது உலகம் முழுக்கப் பரவியது, அடுத்த ஆட்டம் முதலே கையை ஓங்கிக் குத்தினால் வெளியே உட்கார வேண்டும் என்று அறிவித்தார்கள். பழைய ரசிகர்கள் ஆரிஜின் செத்துவிட்டது என்று புலம்பினார்கள். 2022 கடைசி ஆட்டத்தில் முதல் சில நிமிடங்களுக்குள் மூன்று பேர் தலையில் அடிபட்டு வெளியே போனார்கள், குத்து வாங்கி இல்லை, வெறும் மோதலில். மூவரையும் திரும்ப உள்ளே விடவில்லை. 1989இல் உடைந்த காலோடு ஆடியதைக் கொண்டாடிய அதே ஆட்டத்தில்தான் இந்த விதியும் இருக்கிறது. புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 2022 ஆட்டம் மூன்று பேர் இல்லாமலும் 22-12 வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைத்தது.

வாலி லூயிஸுக்கு லேங் பார்க் மைதானத்துக்கு வெளியே சிலை வைத்திருக்கிறார்கள். 2023இல் அவர் தொலைக்காட்சியில் தோன்றி, தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரக்கூடிய சிடிஇ என்ற மூளைச் சிதைவு தனக்கு இருக்க வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்லியிருப்பதாகவும், நினைவு தப்பிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். பிறகு கான்பெராவுக்குப் போய், இந்த நோய்க்காக நிதி ஒதுக்கச் சொல்லி அரசிடம் கேட்டார். மழையில் கேயரைச் சீண்டிக்கொண்டு நின்ற அந்தப் படத்தை இப்போது பார்த்தால், என் கண் முதலில் போவது நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்கும் நடுவர்மேல்தான்.